எண்ணும் செவியும்: சுருக்கிய இசைக்கோப்புகளின் தரம் பற்றி

சுருக்கப்பட்ட இசைக்கோப்புகளின் தரத்தை அவற்றிற் பொறிக்கப்பட்ட எண்ணே காட்டிவிடும் என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இறுவட்டிசைக்குச் செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிற் தேவை. 1993இல் வெளியான நியமத்தைச் சார்ந்த எம்பி3 முறை, 128 கிலோபிற் அளவில், இதிற் பதினொன்றில் ஒரு பங்கையே கொள்கின்றது. உரத்த ஒலி அயலிலுள்ள மெல்லொலியை மறைக்கும் என்பதே இதன் அடிப்படை. செவிக்குப் புலப்படாதெனக் கணிக்கப்பட்டவை கழிக்கப்படுகின்றன, கழிந்தவை மீள்வதில்லை. எனவே, அக்கோப்பை 320 கிலோபிற்றாக மாற்றின் எண் வளருமேயன்றி இசை வளராது. சிதைந்த ஏட்டைப் பெயர்த்து நல்ல தாளில் அச்சிடுவதால் மூலபாடம் கிடைத்துவிடாது என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர்.

நிறமாலைப் படத்தில் 16,000 ஹேர்ட்ஸ் மீடிறனுக்கு மேல் வெறுமை காணப்படின் ஐயுறுதல் தகும். ஆயினும் அது தடயமேயன்றித் தீர்ப்பன்று. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளில் அவ்வுயர் ஒலிகள் இயல்பாகவே அருகியிருக்கும்.

இம்முறையை உருவாக்கியோருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிரான்டன்பேர்க், சுசான் வேகா வாத்தியமின்றிப் பாடிய ‘டொம்ஸ் டைனர்’ பாடலைக் கொண்டே அதனைச் சோதித்துச் செப்பனிட்டார். தொடக்கத்தில் அக்குரல் சிதைந்து ஒலித்தது. குறையை உணர்த்தியது எண்ணன்று, செவியே.

செவியும் விளம்பரத்துக்கு மயங்கும். ஆதலின், கோப்புகளின் பெயரை மறைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, மூலத்துடன் பன்முறை ஒப்பிட்டுக் கேட்டலே தக்க முறையாகும். அதற்கு மூலம் எஞ்சியிருத்தல் வேண்டும். சுருக்கிய பிரதியே போதுமென மூலப்பதிவைக் கைவிடும் சமூகம், ஒப்பிடும் உரிமையையே வருந்தலைமுறைக்கு மறுக்கின்றது என்பதே எமது துணிபு.