இரண்டாம் எண் வழி

யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை '>' போட்டுக் கோப்புக்குத் திருப்பினாலும், பிழைச்செய்தி மட்டும் திரையில் வந்து நிற்கும். அடங்காத்தனமல்ல, நல்ல ஏற்பாடு. வெளியீட்டுக்கு 1, பிழைக்கு 2 எனத் தனித்தனி வழிகள். முதலில் இரண்டுக்கும் ஒரே வழிதான். 1970களில் யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில், ஒளி அச்சுக்கோப்புத் தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரிதான் அழகாக அச்சாகியிருக்குமாம். அந்த எரிச்சலில் பிறந்தது இரண்டாம் வழி.

பிழையை மட்டும் பிடிக்க '2>' போதும். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்க்க, '>' குறியும் கோப்பின் பெயரும் எழுதியபின் '2>&1' சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் பிழை திரைக்கே போகும். கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல், அவற்றை இடமிருந்து வலமாகப் படிப்பதே காரணம். '2>&1' வரும் கணத்தில் 1 எங்கே போகிறதோ, அங்கேயே 2-ஐயும் அனுப்புகிறது. நான்கே குறிகளில் எவ்வளவு நறுக்கான கட்டளை!