கழிவழிப் பயணமும் நெய்தற் பாட்டும்

நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்த தொல்காப்பியர், அதற்கெனத் தனிப் பெரும்பொழுது கூறினாரல்லர். ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர், குறிஞ்சிக்கு உரியதாயிற்று. ஆயினும் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குக் கூதிர் முதலில் புலப்படுவது கழியிலேதான். துலாமழையால் வேளிக் காயல் நிறையும். கடலை மறித்துக் கிடந்த மணல்திட்டாகிய பொழி உடையும். பூவாற்றில் நெய்யாறு கலங்கிக் கடல்சேரும். இப்பருவத்தே படகேறிக் கழிவழிச் செல்லுங்கால் ஒரு வினா எழுகின்றது. கழியை இத்துணை பாடிய நம் சான்றோர், கழிவழிப் பயணத்தைப் பாடினரா?

அகப்பாடல்களில் கழி பெரும்பாலும் ஒரு தடையாகவே நிற்கின்றது. முதலையும் சுறாவும் திரியும் கழியைக் கடந்து இரவில் வரும் தலைவனுக்காகத் தோழி அஞ்சுகின்றாள். அவன் ஊர்ந்து வருவதும் பெரும்பாலும் தேரே. அதன் ஆழி நண்டினைத் துமிக்கின்றது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலும் கோவலனும் மாதவியும் கரைமணலில் இருந்தே பாடுகின்றனர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்குவோர் கரையில் இருப்போர். ஆதலின் படகில் இருப்போன் குரல் அகத்தில் அரிதாயிற்று என்பது எம் துணிபு.

புறத்தில் நிலை வேறு. உப்பு விற்று நெல் கொணர்ந்த படகுகள் குதிரைகள்போல் கட்டப்பட்டு நின்றதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. மரக்கலம் தந்த பொன்னைக் கழித்தோணிகள் முசிறிக் கரைக்குக் கொண்டு சேர்த்ததைப் பரணர் புறநானூற்றில் பாடுகின்றார். ஆனால் ஈண்டும் தோணி சுமப்பது பண்டத்தையே, மனத்தையன்று.

அக்குறையை நிறைத்தது மலையாளம். மார்த்தாண்டவர்மர் (1729–1758) வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படகில் வந்தபோது, உடன்வந்த இராமபுரத்து வாரியர் குசேலவிருத்தம் வஞ்சிப்பாட்டை இயற்றினார் என்பது மரபுச் செய்தி. பாட்டின் அமைப்பும் அதற்கு இயைகின்றது. வறிய குசேலன் செல்வ நண்பனை நாடிச் செல்கின்றான். வறிய புலவரோ அரசனருகே அமர்ந்து செல்கின்றார். கேட்க நினைத்ததைக் கேளாமல் அடக்கும் உள்ளத்துக்குத் துடுப்பின் ஒரே சீரான அசைவு தாளமாகின்றது. படகுப் பயணம் இங்கே வெறும் பின்புலமன்று. பாட்டின் வடிவமே அதுவாகும்.

நம் நகரத்துக்கும் இத்தகைய வழி இருந்தது. இராணி கௌரி பார்வதிபாய் (1815–1829) காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, வள்ளக்கடவைக் கடினங்குளம் காயலோடு இணைத்தது. வர்க்கலைக் குன்றைக் குடைந்த இரு சுரங்கவழிகள் 1880இல் முடிந்தபின் கொல்லம் வரை நீர்வழி தொடர்ந்தது. 1918இல் இருப்புப்பாதை வரும்வரை வடக்கே செல்வோர்க்கு இதுவே பெருவழி. தெற்கே, பூவாற்றிலிருந்து குமரி நோக்கி 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் முற்றுப்பெறவே இல்லை. புத்தனாறும் பின்னாளில் ஆகாயத்தாமரையும் கழிவும் மூடிக் கிடந்தது.

இந்நகரத் தமிழ்ப் புனைகதை வளமுடையது. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவை அழியா இலக்கியமாக்கினார். நீல. பத்மநாபன் ‘பள்ளிகொண்டபுர’த்தில் கோயிலையும் தெருக்களையும் ஒரு மனிதனின் நினைவோடு பிணைத்தார். இருவர் கலையும் நடந்து காணும் கலை. தெருவில் நடப்பவன் திரும்பிச் செல்லலாம், நின்று பேசலாம். படகில் அமர்ந்தவனோ பிறர் செலுத்தும் விரைவுக்குத் தன் எண்ணத்தை ஒப்படைக்கின்றான். அந்தப் பொறுமையிலிருந்து பிறக்கும் உரைநடை நமக்கு இன்னும் வேண்டியிருக்கின்றது.

திணைமயக்கத்தைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. எனவே கூதிரின் குளிரும் நெய்தலின் இரங்கலும் ஒரு படகில் கூடுதல் இலக்கண வழுவன்று. கோவளம் முதல் பேக்கல் வரையிலான நீர்வழித் திட்டத்தில் புத்தனாறும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு தூர்வாரப்படலாம், அதன் வழியே சென்ற மாந்தரின் நினைவைத் தூர்வாருவது எழுத்தாளர் கடன். முதியோர் நெஞ்சில் அந்நினைவு எஞ்சியிருக்கும்போதே இளைய எழுத்தாளர் அக்கடனை மேற்கொள்ளல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.