தண்டிக்க ஆளில்லாத குற்றம்

சாவைப் பற்றி எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஆறுதலைப் பற்றிய படங்கள். முற்பாதியில் இழப்பு, பிற்பாதியில் அழுகை, மனம்விட்டுப் பேசுதல், ஒரு தோளில் சாய்தல் என்று படிப்படியாகத் தேறுதல். துக்கம் ஒரு பாடத்திட்டம் போலவும், அதில் தேர்ச்சி பெறுவது மனிதனின் கடமை போலவும் ஆகிவிடுகிறது. கென்னத் லோனர்கன் எழுதி இயக்கிய 'மான்செஸ்டர் பை த சீ' (2016) இந்தப் பாடத்திட்டத்தை ஏற்கவில்லை. படம் முடிந்த பிறகும் அவன் தேறவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அவன் தேறாததில்தான் படத்தின் தார்மீக பலம் இருக்கிறது என்பது என் கட்சி.

லீ சாண்ட்லர் (கேஸி அஃப்லெக்) பாஸ்டனை அடுத்த குவின்ஸியில் குடியிருப்புக் கட்டிடங்களைப் பராமரிக்கும் ஆள். ஒழுகும் குழாய், அடைத்துக்கொண்ட கழிப்பறை, வாசல் பனி. பிறர் வீடுகள் கெடாமல் பார்த்துக்கொள்வது அவன் பிழைப்பு. சொந்த ஊரான மான்செஸ்டரில் அண்ணன் இதயநோயால் இறக்கிறான். பதினாறு வயது மகன் பாட்ரிக்குக்குத் தம்பியையே காப்பாளனாக உயிலில் எழுதி வைத்திருக்கிறான். வக்கீல் இதைச் சொல்லும் அறையில் லீ உட்கார்ந்திருக்கும்போதுதான், ஊர் முழுவதும் அறிந்த அவனுடைய பழைய கதை நமக்குச் சொல்லப்படுகிறது.

ஒரு குளிர்கால இரவு. நண்பர்களோடு குடித்துவிட்டு லீ கணப்பில் விறகு போடுகிறான். வீட்டு வெப்பச் சாதனம் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் கணப்பு. பிறகு கடைக்கு நடந்து போகிறான். பாதி வழியில் கணப்பின் முன் கம்பித் தடுப்பை வைத்தோமா என்று சந்தேகம் வருகிறது. பரவாயில்லை என்று மேலே நடக்கிறான். திரும்பி வரும்போது வீடு எரிந்துகொண்டிருக்கிறது. மனைவி மீட்கப்படுகிறாள். மூன்று குழந்தைகளும் இல்லை.

காவல் நிலையத்தில் அவன் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறான். அதிகாரிகள் கருணையுள்ளவர்கள். இது பயங்கரமான தவறு, ஆனால் குற்றமல்ல என்கிறார்கள், போகலாம் என்கிறார்கள். அவனால் நம்ப முடியவில்லை. வெளியே வரும் வழியில் ஒரு காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன்னைச் சுட்டுக்கொள்ள முயல்கிறான்.

சட்டம் தர மறுத்த தண்டனையை அவனே தனக்கு விதித்துக்கொள்கிறான் என்று இதை விளக்குவது எளிது. அவனுடைய ஒற்றை அறை வாசம், மதுக்கடையில் வலிந்து வாங்கும் அடி எல்லாம் இந்த விளக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. அதிகாரிகள் சொன்னது யாருக்கும் நேரக்கூடிய மறதி என்றுதான். இந்த ஆறுதலுக்குள் இருக்கும் பயங்கரத்தை லீ மட்டுமே கேட்கிறான். யாருக்கும் நேரக்கூடியதென்றால் தனக்கே மறுபடியும் நேரக்கூடியது. குற்றம் என்றால் அதற்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும். நோக்கத்தைக் கைவிடலாம், திருந்தலாம். மறதியிலிருந்து எப்படித் திருந்துவது?

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியாத விஷயமல்ல. ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடவேண்டும் என்பது அங்கே விதி. எழுதியவர் அயோக்கியர் என்ற சந்தேகத்தால் மட்டும் வந்ததல்ல. நல்ல கையும் தவறும் என்ற அறிவும் அதில் இருக்கிறது. வீட்டில், இரவு இரண்டு மணிக்கு மேல், இரண்டாவது கையெழுத்து கிடையாது.

இப்படிப் பார்க்கும்போது படத்தின் அமைப்பு துலங்குகிறது. காப்பாளன் என்ற சொல் ஒலிக்கும் அறையில் ஏன் தீ காட்டப்படுகிறது? கேள்வி துக்கத்தைப் பற்றியது மட்டுமல்ல. இந்த மனிதனிடம் ஒரு பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பது. லோனர்கன் இதற்குப் பதிலை வசனத்தில் வைக்கவில்லை. பிற்பகுதியில் ஒரு சிறிய சமையலறை நிகழ்ச்சியில் வைத்திருக்கிறார். அடுப்பில் எதையோ ஏற்றிவிட்டு லீ சோபாவில் அயர்கிறான். கனவில் மகள்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நாங்கள் எரிவது தெரியவில்லையா என்று கேட்கிறார்கள். இல்லையே கண்ணே என்கிறான். விழித்தால் வீடெல்லாம் புகை.

ஃப்ராய்டின் 'கனவுகளின் விளக்கம்' நூலில் ஏறக்குறைய இதே கனவு வருகிறது. இறந்த குழந்தையின் அருகே மெழுகுவர்த்தி சாய்ந்து துணியில் தீப்பற்ற, அடுத்த அறையில் தூங்கும் தகப்பனின் கனவில் குழந்தை வந்து முறையிடுகிறது. குழந்தையை ஒரு கணமேனும் உயிரோடு வைத்திருக்கத்தான் கனவு நீள்கிறது என்பது ஃப்ராய்டின் விளக்கம். லோனர்கன் இதில் ஒன்றை மாற்றியிருக்கிறார். இங்கே புகை இறந்தவர்களிடமிருந்து வரவில்லை. உயிரோடிருக்கும் பாட்ரிக் வசிக்கும் வீட்டின் அடுப்பிலிருந்து வருகிறது. இதற்குப் பிறகுதான் பையனைக் குடும்ப நண்பரான ஜார்ஜிடம் ஒப்படைக்க லீ ஏற்பாடு செய்கிறான். தன்னால் இதை வெல்ல முடியவில்லை என்கிறான். இதைத் தோல்வியின் வாக்குமூலமாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இதைப் பொறுப்பின் செயலாகப் பார்க்கிறேன். தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டதை அவன் இன்னொரு குழந்தையின் பொருட்டு உபயோகிக்கிறான்.

தெருவில் முன்னாள் மனைவி ராண்டி (மிஷெல் வில்லியம்ஸ்), புதிய கைக்குழந்தையோடு, அவனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காட்சியும் இதனால்தான் அவ்வளவு கடுமையாக இருக்கிறது. அவள் பேச்சில் பொய்யில்லை. ஆனால் அவளால் மன்னிக்க முடிவது தன்னிடம் அவன் பட்ட கடனை மட்டும்தான். குழந்தைகள் சார்பில் மன்னிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் இருவர் வாக்கியங்களும் முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

படத்தில் எனக்கு ஒரு பெரிய ஆட்சேபம் உண்டு. தீக்காட்சி நெடுகிலும் அல்பினோனியின் பெயரில் வழங்குவதும், ரெமோ ஜியாஸோட்டோ 1958இல் வெளியிட்டதுமான அடாஜியோ ஒலிக்கிறது. எத்தனையோ படங்களில் அழுது தேய்ந்துபோன இசை அது. பிற இடங்களில் நம்மை நம்பும் இயக்குநர் இங்கே நம்பவில்லை; எப்படி உணரவேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். லீ தன் அறையில் வைத்திருக்கும் மூன்று புகைப்படங்களின் முகத்தைக் கடைசிவரை காட்டாத கட்டுப்பாடு இங்கேயும் இருந்திருக்கவேண்டும்.

மண் உறைந்திருப்பதால் அண்ணனைப் புதைக்க வசந்தம்வரை காத்திருக்கிறார்கள். பனி இளகுகிறது, அடக்கம் நடக்கிறது. லீ இளகிவிட்டான் என்று படம் சொல்வதில்லை. பாஸ்டன் பக்கம் வீடு தேடும்போது கூடுதலாக ஓர் அறையும் பார்க்கிறான், பாட்ரிக் எப்போதாவது வந்தால் தங்க. அதற்குமேல் லோனர்கன் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.