'செய்யலாம்' என்ற சொல்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை இலக்கணம் நடத்துகிறவளாகவே வாசிக்கிறேன். பிரிவு 10: பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. அடுத்த பிரிவு, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. பெற்றோருக்குக் கடமை, அரசுக்கு 'லாம்'.

போடிநாயக்கனூரில் இந்த 'லாம்' யார் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காலையிலேயே போடிமெட்டு ஏறிவிடுகின்றன. அப்போது அங்கன்வாடி திறந்திருக்காது. சின்னப் பிள்ளை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காவின் இடுப்புக்கு மாறுகிறது. (அண்ணன்களின் இடுப்புக்கு ஏனோ மாறுவதில்லை.) காயெடுப்பு மும்முரமாகும் மாதங்களில் அவள் பள்ளிக்கு வராத நாட்களைப் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதிவிடுகிறோம். படித்த நாமும்தான்.

பிரிவு 21இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். நல்ல விதி. ஆனால் கூட்டம் பகலில் நடந்தால், வந்து கையெழுத்துப் போடும் தாய்க்கு அன்றைய கூலி போச்சு. அதை யார் தருவது என்று சட்டம் பேசவில்லை.

2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாத தாயைக் குறைசொல்லாமல் பிள்ளையின் பசியைப் பார்த்தது. அந்தப் பார்வை அங்கன்வாடியின் கதவுக்கும் வரட்டும்; ஜீப் கிளம்புமுன் அது திறக்கட்டும். குழுக் கூட்டத்தை ஜீப்புகள் மலையிறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இல்லை, வைத்துக்கொள்ள வேண்டும்.