கட்டுப்பாட்டு விலை: ஒரு மறுப்பும் ஓர் ஒப்புதலும்

கடந்த இதழில் வெளியான, விலைக் கட்டுப்பாடு பற்றிய நண்பரின் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அவருடைய வாதம் இதுதான்: அரசு விலையைப் பிடித்து வைத்தால் பொருள் மறையும், விட்டுவிட்டால், விலை ஏறினாலும் பொருள் வரும். சான்றாக 2021 இல் இலங்கையில் சமையல் எரிவாயுவுக்கு நடந்ததைக் காட்டுகிறார். முதலில் தட்டுப்பாடு; ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீக்கம்; 1,493 ரூபா விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவானது. அத்தோடு கதை முடிந்தது போல எழுதுகிறார். மறு ஆண்டு, கட்டுப்பாடே இல்லாத நிலையில், அதே சிலிண்டருக்காகச் சனம் தெருவில் நாட்கணக்காக வரிசையில் நின்றதை அவர் சொல்லவில்லை. டொலர் இல்லாத நாட்டில் விலையைப் பிடித்தாலும் விட்டாலும் கப்பல் வராது.

ஆனால் என் கேள்வி வேறு. நண்பரும் நானும் வாழ்வது பிரான்சில். இங்கே குழாய்வழி வரும் எரிவாயுவுக்கு அரசு ஒழுங்கமைத்த விலை ஒன்று இருந்தது. 2023 யூன் 30 உடன் அது முற்றாக ஒழிந்தது. ஊர் அரசியலை வரிவரியாகப் பிரித்து விவாதிக்கும் இப்பக்கங்களில், மாதாமாதம் எங்கள் வங்கிக் கணக்கில் கைவைக்கும் இந்த விடயம் பற்றி எவரும் எழுதவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1946 இல் எரிவாயுக் கொம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு 'காஸ் டு பிரான்ஸ்' உருவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளைகளின்படி சந்தை 2004 இல் தொழில் நிறுவனங்களுக்கும் 2007 இல் வீடுகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் அரசின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று 2004 இல் நிதியமைச்சராக இருந்த சார்க்கோசி வாக்குறுதி கொடுத்தார். அவரே ஜனாதிபதியாக இருந்த 2008 இல் அது சூயெஸ் கொம்பனியோடு இணைக்கப்பட்டபோது அரசுக்கு மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். பெயரும் பின்னர் 'ஆன்ஜி' என மாறிவிட்டது.

இந்த ஒழுங்கமைக்கப்பட்ட விலை மலிவு விலை அல்ல. இதை எங்கள் சந்தை நண்பரும் விளங்கிக்கொள்ளவில்லை, அவரை எதிர்க்கும் இடதுசாரி நண்பர்களும் விளங்கிக்கொள்ளவில்லை. கொள்வனவு, குழாய், களஞ்சியம், விற்பனை ஆகிய செலவுகளை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்த விலை அது; செலவை அது ஈடுசெய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். 2011 இல் அரசு விலையை உறையவைத்தது. போட்டி விநியோகக்காரர் வழக்குப் போட்டனர். உச்ச நிர்வாக நீதிமன்றம் 2012 இல் அந்த உறைவை இரத்துச் செய்ய, 2013 முதல் பழைய மாதங்களுக்கான பாக்கி எங்கள் பில்களில் சிறுகச் சிறுக ஏறியது. அரசு பிடித்து வைத்த விலை, கடனாகத் திரும்பி வந்தது.

பிறகு எதற்காக அதை இழந்ததற்குக் கவலைப்பட வேண்டும்? அந்த விலைக்கு ஒரு விலாசம் இருந்தது என்பதற்காக. சூத்திரம் வெளியிடப்பட்டது. அதைக் கணக்குப் பார்க்க ஓர் ஆணைக்குழு இருந்தது, ஏறினால் அமைச்சர் பதில் சொல்லவேண்டியிருந்தது, பத்திரிகை எழுதியது. சங்கக்கடைச் சுவரில் எழுதித் தொங்கிய விலையைப் போல, அதோடு சண்டை பிடிக்கலாம். இப்போது அதே ஆணைக்குழு மாதந்தோறும் ஒரு 'உசாவு விலை'யை வெளியிடுகிறது. அதற்கு எந்த விற்பனையாளனும் கட்டுப்பட்டவனல்ல.

இதை ஒழிக்க முன்வைத்த நியாயம் கவனிக்கத்தக்கது. 2016 இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒழுங்கமைக்கப்பட்ட விலை போட்டிக்குத் தடை என்றது. 2017 யூலையில் பாரிஸ் நீதிமன்றமும் அதைப் பின்பற்றியது. மின்சாரம் போல எரிவாயு இன்றியமையாததல்ல, அதற்கு மாற்று உண்டு என்பது வாதம். (மின்சாரத்தின் ஒழுங்கமைக்கப்பட்ட விலை மறு ஆண்டே கொள்கையளவில் தப்பியது.) மாற்று உண்டு, யாருக்கு? வாடகை வீட்டில் கொதிகலனை மாற்றும் உரிமை குடியிருப்பவனுக்கு இல்லை. அறைக்கு நாலுபேராக வாழ்ந்த எங்களுக்கு இது புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதல்ல.

இனி இடதுசாரி நண்பர்களுக்கு. 2021 ஒக்டோபர் 1 இல் இந்த விலை 12.6 சதவீதம் ஏறியது. அதற்கு முந்திய இரவு பிரதமர் கஸ்டெக்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி, இனி ஏறாது என்றார். 2022 முடியும்வரை விலை அப்படியே நின்றது. 2023 சனவரியில் 15 சதவீதம் மட்டும் ஏறியது. இதைச் சிலர் மக்கள் வெற்றி என்று எழுதினார்கள். விற்பனையாளர் இழந்த வித்தியாசத்தைத் திறைசேரி ஈடுசெய்தது. அதாவது, ஒரு கையால் மறைத்ததை மறுகையால் வரியாக எடுத்தார்கள். சந்தையில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. 2020 கோடையில் ஒரு மெகாவொட் மணிக்கு 10 யூரோவுக்கும் கீழே கிடந்த மொத்த விலை, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது.

வீடுகளுக்கு அந்தக் குடையாவது இருந்தது. ஆண்டுக்கு 30,000 கிலோவொட் மணிக்குக் குறைவாக எரிக்கும் சிறு வியாபாரிகளுக்கு ஒழுங்கமைக்கப்பட்ட விலை 2020 டிசெம்பர் 1 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தத் திகதியைப் பாருங்கள். கொரோனாவால் ஒக்டோபர் முடிவிலிருந்து சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அடுப்பு எரியாத வேளையில் அடுப்பின் விலைப் பாதுகாப்பை எடுத்தார்கள். யாரும் குரல் எழுப்பவில்லை.

இங்கே என் ஒப்புதல். லாச்சப்பலில் நான் தேநீர் குடிக்கும் கடைக்காரர் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். ஊரில் பொருளியல் படிப்பித்தவன் அல்லவா, வாசித்தேன். இரண்டு ஒப்பந்தங்கள்: ஒன்று மூன்று வருடத்துக்கு நிலையான விலை, மற்றது சந்தையோடு ஏறியிறங்கும் விலை. சந்தை விழுந்து கிடக்கிறது, அதோடு போங்கோ என்றேன். சந்தை நண்பரின் கட்டுரையில் வரும் அதே தர்க்கம். அன்றைக்கு அது என் வாயில் இருந்தது.

மறு ஆண்டு இலையுதிர்காலத்திலிருந்து அவருடைய பில் என்னவானது என்று நான் விபரிக்கத் தேவையில்லை. அரசின் உதவி விண்ணப்பத்துக்கு, எரிசக்திச் செலவு விற்பனையில் மூன்று சதவீதத்துக்கு மேல் என்று கணக்குக் காட்டவேண்டியிருந்தது. கணக்காளருக்குக் கொடுக்கும் காசில் பாதி உதவி போய்விடும் என்று அவர் விட்டுவிட்டார். அப்பம் சுடுவதற்கு ஆறு அடுப்பு ஒன்றாக எரியவேண்டும். பின்னேர அப்பத்தை நிறுத்தினார். அப்பம் சுட்ட பெடியனுக்கும் வேலை போனது.

என்னை அவர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. கடிதங்களை இப்போதும் கல்லாப்பெட்டிக்குக் கீழே எனக்கென்று எடுத்து வைக்கிறார். போன கிழமை இரவு வேலை முடிந்து போனபோது ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிகிறது, புதிய விலை இவ்வளவு, மறுப்பதானால் குறித்த நாளுக்குள் எழுதவேண்டும். இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த விலை எப்படி வந்தது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. "என்ன சேர் சொல்லுறியள்?" என்றார். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.