மயிலுக்கு விட்ட அம்பு

புனித தோமா எப்படிச் செத்தார் என்பதற்கு நம்மூரில் இரண்டு கதைகள் உண்டு. பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது சபை மரபு. இன்னொன்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்தது. தோமா தன் குடிலுக்கு வெளியே காட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள். எவனோ மயிலுக்கு விட்ட அம்பு அவர் வலது விலாவில் பாய்கிறது. கொலையில்லை, விபத்து. மயிலாப்பூர் என்ற பெயருக்கு ரொம்பத் தோதான கதை. கபாலீஸ்வரர் கோயில் புராணத்திலும் உமை மயிலாகத்தானே வருகிறாள்.

தேவாலயங்களில் இப்போது 'படைப்பைப் பேணுதல்' பற்றி நிறையப் பேசுகிறார்கள், 2015இல் போப் பிரான்சிஸின் சுற்றுமடல் வந்ததிலிருந்து இன்னும் அதிகமாக. அந்தச் சொல்லாடலுக்கு இதைவிட நல்ல சித்திரம் கிடைக்காது. அசிசியைத் தேடி இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் போலோவின் பிரதி அங்கே முடியவில்லை. அம்பு விட்டவனின் குலத்தையும் அவர் சொல்கிறார்: 'கோவி'. மாட்டைக் கொல்லத் துணியாதவர்கள், செத்த மாட்டைத் தின்கிறவர்கள் என்றும் எழுதுகிறார். யாரைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாதா என்ன? அந்தக் குலத்தார் எவரும் தோமாவின் உடல் இருக்கும் இடத்துக்குள் நுழையவே முடியாதாம், இருபது முப்பது பேர் சேர்ந்து இழுத்தாலும். ஆலய நுழைவுத் தடையை இவ்வளவு பக்தியோடு சொல்ல முடிந்திருக்கிறது! மயிலும் துறவியும் உள்ளே, வேட்டையாடியவனின் சந்ததி வெளியே.

உயிரினங்களைக் காப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு 'கோவி' தேவைப்பட்டுவிடுகிறது நமக்கு. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பெசன்ட் நகரில் பூசை முடிந்து வந்தவர்கள் சிலர், நல்லவர்கள்தான், "எல்லாம் இந்தக் குப்பத்து ஆளுங்க வலையாலதான்" என்றார்கள். நானும் முன்பு அப்படிச் சொன்னவன்தான். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவைமடிக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். அந்த மடியை இழுப்பவை பெரிய விசைப்படகுகள். கரையோரக் கடலை அவற்றுக்கு மறுக்கும் சட்டம் 1983இலேயே வந்துவிட்டது. குப்பத்து வலையில் ஆமையே மாட்டாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு மட்டும்தான்.

சரி, கோயில் என்ன செய்யும்? மரக்கன்று நடலாம், போட்டோவும் வரும். நான் கேட்பது இருட்டு. பெசன்ட் நகர் மாதா கோயிலும் சாந்தோம் பேராலயமும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்பவை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை கரையேறி முட்டையிடுகிறது. ஒன்றரை மாதம் போல ஆனதும் குஞ்சுகள் இரவில் வெளியே வந்து, வெளிச்சமாயிருக்கும் பக்கம்தான் கடல் என்று ஓடுகின்றன. தெருவிளக்கைக் கடலென்று நம்பிய குஞ்சு ரோட்டில் நசுங்கும், இல்லையேல் நாய் வாயில் போகும். அதனால்தான் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். தவக்காலமும் ஈஸ்டரும் வருவது இந்தப் பருவத்தில்தான். ஈஸ்டர் இரவுச் சடங்கே விளக்குகளை அணைத்துவிட்டுத்தானே தொடங்குகிறது? அந்த இருட்டைக் கடல் பார்த்த பக்கத்துக்கு நான்கைந்து மாதம் நீட்டினால் என்ன?

கடலோரப் பங்கு ஒன்றின் கூட்டத்தில் இதைச் சொன்னேன். திருட்டு பயம் என்றார்கள். பிறகு ஏழு பேர் கொண்ட பசுமைக் குழு அமைத்தார்கள். எந்தப் படகு எங்கே மடி இழுக்கிறது என்று அறிந்த குப்பத்து ஆட்கள் அதில் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவங்கள்லாம் வரமாட்டாங்க சார்" என்றார் ஒருவர். கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று மறுபடி கேட்டேன். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.