தாழ்ந்து வந்தவரும் தாழாத வரிசையும்

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலில் அப்பரைக் கும்பிடுகிறவர்கள் அவர் கையிலிருக்கும் உழவாரப் படையையும் சேர்த்தே கும்பிடுகிறார்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு இந்த ஊர்க் கரையில் ஏறியவர் என்று சொல்லப்படும் அந்த மனிதர் பாடியதோடு நிற்கவில்லை. கோயில் கோயிலாகப் போய் அந்தப் படையால் புல் செதுக்கினார். இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ வழிபாட்டை எடைபோடுவதற்கும் அதுவே வசதியான அளவுகோலாக எனக்குப் படுகிறது. வாய் பாடுவதைக் கை செய்கிறதா?

கிறிஸ்தவ ஆராதனை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது பெரிய விஷயம். அது வணங்குவது மனிதன் தேடிக் கண்டுபிடித்த கடவுளை அல்ல; தாமாகவே தம்மைக் காட்டியவரை. காட்டிய இடங்களும் மாட்டுத்தொழுவம், தச்சன் வீடு, சீடர்களின் காலைக் கழுவ இடுப்பில் கட்டிய துண்டு, கடைசியில் கொலைமரம் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகின்றன. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இந்த இறக்கத்தைத்தான் பேசுகிறது. ஆராதனை முறைமையும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. எடுத்த எடுப்பில் பாவ அறிக்கை. குருவானவர், வட்டிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், கோயிலைக் கூட்டுகிறவர் எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டும். அதற்குப் பிறகே வேதவாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், திருவிருந்து. சிறப்பு தரிசனச் சீட்டு இல்லாத வழிபாடு என்று இதைச் சொல்லலாம். இந்த ஒழுங்கின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நம்பிக்கை ததும்புகிறவனையும் சந்தேகப்படுகிறவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. அன்றைக்கு அவனவன் மனநிலை எப்படி இருந்தாலும் ஆராதனை நடந்துவிடும். கீபோர்டும் ஒலிபெருக்கியும் வைத்து இரண்டு மணி நேரம் உருக்கியெடுக்கும் துதி ஆராதனைக் கூட்டங்களில் இந்த நிதானம் இல்லை. அங்கே வெளிப்படுவது பெரும்பாலும் மேடையில் நிற்பவர்தான்.

ஆனால் ‘ஒரே பந்தி’ என்பது தமிழ்நாட்டில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய சொல்லா?

கடலூரில் புராட்டஸ்டண்ட் மிஷன் பழையது. தரங்கம்பாடி வழிவந்த சார்ட்டோரியசும் கெய்ஸ்டரும் 1737-இல் இங்கே வந்தார்கள். 1740-இல் சுவீடன்காரரான கீர்நாந்தர் சேர்ந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இங்கிருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த பிறகு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்துச் சபைகளில் திருவிருந்து நடந்த விதம் மிஷன் பதிவுகளில் இருக்கிறது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் முதலில் பாத்திரத்தில் பருகிவிட்டு விலகுவார்கள், மற்றவர்கள் பிறகு வருவார்கள். சில இடங்களில் பாத்திரமே இரண்டு. கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள் பறையருக்கும் மற்றவருக்கும் நடுவே சுவர் இருந்ததையும், 1745-இல் அதைப்பற்றி மூண்ட சண்டையையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கேதான் வேதநாயகம் சாஸ்திரியார் குறுக்கே வருகிறார். தஞ்சையின் இந்தக் கவிராயர் (1774–1864) பாடியவை இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவ வழிபாடே இல்லை. கடவுள் குழந்தையாகி வந்த தாழ்மையை அவரைப் போல் கொண்டாடிப் பாடியவர்கள் குறைவு. அதே சாஸ்திரியார்தான், சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க வந்த புது மிஷனரிமாரை எதிர்த்து 1829-இல் எழுதினார். அவரைக் கபடதாரி என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்பதுதான் சிக்கல். வெள்ளைக்காரர்கள் நம் பாட்டையும் பூவையும் வழக்கத்தையும் சேர்த்துப் பறிக்கிறார்கள் என்ற அவருடைய குறையில் நியாயமும் இருந்தது. ஆனால் ஆண்டவனுக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் குனிய முடிந்த பக்திக்குப் பக்கத்திலிருப்பவன் முன்னால் ஓர் அங்குலம்கூடக் குனிய முடியவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டின் ஆழமான பழுது இதுதான் என்று நினைக்கிறேன். தாழ்மையை அது மேல்நோக்கிய உணர்ச்சியாக மாற்றிவிட்டது. கண்ணீர் வருகிறது, வரிசை மாறுவதில்லை.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் கணிசமானோர், சாதியைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மிஷனுக்குள்ளேயே இருந்து இதை எதிர்த்தவர் கார்ல் ஓக்ஸ். 1859-இல் அவர் அதிலிருந்து விலகினார். விலகியவர் வந்து நிலைகொண்டது நம் பக்கத்தில்தான். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் நெல்லிக்குப்பம் தாண்டி வருகிற மேல்பட்டாம்பாக்கம். டென்மார்க் மிஷன் அவருக்குத் துணை வந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஓக்ஸ் வென்றாரா? கொள்கையில் வென்றார். ஆனால் அந்தச் சபை வளர்ந்தது பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே. ஒரே பாத்திரத்தில் பருக மறுக்கக்கூடியவர்கள் அந்தப் பந்திக்கு வரவே இல்லை. தேர்வு எழுத வேண்டியவன் வராத பள்ளியில் எல்லோரும் தேறிய மாதிரி ஆகிவிட்டது. இது ஓக்ஸின் குற்றம் அல்ல. வழிபாடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதன் வாசலுக்கு வெளியே இருக்கும் தெருக்களை அது தானாக மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எறையூரில் நடந்ததும் அதுதான். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தனி இடம், தனிக் கல்லறை, சாவு ஊர்வலம் போகும் பாதையில் தடை என்று நீண்ட காலம் பொறுத்த தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல் முற்றியது. 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிறு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். அதற்குப் பதினோராம் நாள் பெரிய வியாழன். உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் குருக்கள் முழந்தாளிட்டு மற்றவர் பாதத்தைக் கழுவும் நாள்.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். பன்னிரண்டு பேர் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவர்கள். பீடச் சிறுவன் ஒருவன் தாம்பாளம் பிடிப்பான், இன்னொருவன் சொம்பிலிருந்து வார்ப்பான். சாமியார் வலது காலை மட்டும் கழுவி, துவாலையால் ஒற்றி, குனிந்து முத்தமிடுவார். ஒரு காலுக்கு அரை நிமிடம். நான் இதைக் கேலி செய்யவில்லை. உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் அந்த அரை நிமிடம் படும் கூச்சம் பொய்யில்லை; நூறு பிரசங்கத்தால் முடியாததை அது செய்கிறது. பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் 2016-இல் விதியைத் திருத்தியபோது உலகம் முழுக்க எழுந்த முணுமுணுப்பே இந்தச் சடங்குக்கு இன்னும் உயிர் இருப்பதைக் காட்டியது. ஆனால் குனிகிறவர் யார் என்று பாருங்கள்: எப்போதும் அதிகாரத்தில் இருப்பவர். ஆண்டுக்கு ஒருமுறை குனிவதால் அவர் இன்னும் உயர்ந்துதான் எழுந்திருக்கிறார். எறையூர் போன்ற ஊரில் இந்தத் தெருக்காரர் அந்தத் தெருக்காரரின் காலைக் கழுவட்டும். சாமியார் தாம்பாளம் பிடிக்கட்டும். அப்போது தெரிந்துவிடும் அது நாடகமா இல்லையா என்று.

தாழ்மையைப் போதிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. அதைக் காண சிதம்பரம் வரை போனால் போதும். ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிவபக்தன் நந்தனுக்குத் தீயில் இறங்கினால்தான் தில்லைக் கோயில் உள்ளே இடம். ஏற்கெனவே மிதிக்கப்பட்டவனிடம் இன்னும் தாழ்ந்து வா என்று கேட்பது பக்தி ஆகாது. உயரத்தில் இருந்தவர் இறங்கினார் என்பதே சுவிசேஷம். பள்ளத்தில் இருந்தவனுக்கு அதே செய்தி ‘எழுந்து நில்’ என்றுதான் கேட்க வேண்டும். நம் பிரசங்க மேடைகள் இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கின்றன.

வழிபாட்டைத் தமிழ் மண்ணுக்கு ஏற்றபடி திருத்தியவர்களிலும் இதே பிளவு. இதே உயர்மறைமாவட்டத்துக் குருவான அமலோர்பவதாஸ், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, தரையில் உட்காருவது, கைகூப்புவது, குத்துவிளக்கு, ஆரத்தி என்று பன்னிரண்டு மாற்றங்களை முன்னின்று கொண்டுவந்தார். 1969-இல் ரோமும் ஒப்புக்கொண்டது. தைரியமான வேலை. ஆனால் எந்தக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார்களோ அந்தக் கோயிலின் சாயலையே இங்கேயும் பார்க்க வேண்டுமா என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதில் பிழை இல்லை. மதுரை இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு வேறு வழியில் போனார். கிராமத்துப் பாட்டு, பேச்சுமொழி, பறை, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதே திருவிருந்து. அது சபைகளில் பரவலாக வேர் பிடிக்கவில்லை. பாமாலை பாடிப் பழகியவர்களுக்குப் பறை நாராசம். என்றாலும் அப்பர் கையிலிருந்த உழவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இந்த உலைதான்.

கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் பொதுப் பாத்திரம் போய்விட்டது. அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கிறார்கள், அல்லது தட்டில் விரல் உயரக் கிண்ணங்கள் ஆளுக்கு ஒன்றாக வருகின்றன. சுகாதாரக் காரணம் நியாயமானது, மறுக்க முடியாது. ஆனால் எந்தப் பாத்திரத்துக்காக ஓக்ஸ் ஒரு மிஷனையே விட்டு வந்தாரோ, அது எடுக்கப்பட்டபோது எந்தச் சபையிலும் அதைப்பற்றி விவாதம் நடந்ததாகக் காதில் விழவில்லை. யாருக்கும் அது இழப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. சிலருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கலாம்.